பிரிவது என்று முடிவான பிறகு: தமிழ்நாட்டில் கிடைக்கும் அரசுச் சட்டச் சேவைகள், ஒரு மதிப்பீடு

சேர்ந்து வாழ முடியாது என்று இரண்டு வீடும் பேசி முடித்ததும் பலர் நேராகப் போவது நோட்டரியிடம். நூறு ரூபாய்ப் பத்திரத்தில் “இன்று முதல் எங்களுக்குள் எந்த ஒட்டும் உறவும் இல்லை” என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை வைத்து, நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தத் தாள் விவாகரத்து ஆகாது. இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்காற்று மணமுறிவை ஏற்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்பதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியது அதைச் சொல்பவர். நிரூபிக்க முடியாமல் போனால் பின்னால் செய்துகொண்ட இரண்டாம் திருமணம் செல்லாது. குற்ற வழக்கும் சேர்ந்து வரும்.

இன்னும் சிலர் திருமணம் பதிவான சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் “கேன்சல் பண்ணிக் கொடுங்க” என்கிறார்கள். பதிவாளருக்கு அந்த அதிகாரம் இல்லை. பதிவு மட்டும் செய்துவிட்டு ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழாதவர்களும் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். காவல் நிலையத்தில் இருவரும் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கும் இதே கதிதான்.

சரியான கதவுகள் நான்கு: இலவசச் சட்ட உதவி, சமரச மையம், குடும்ப நீதிமன்றம், வழக்கைப் பின்தொடர இ-கோர்ட்ஸ் செயலி. நான்கும் அரசு தருபவை. எது எந்த அளவுக்கு உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறோம்.

முதலில் எந்தச் சட்டம் என்று தெளிவாக வேண்டும். இந்து முறைப்படி நடந்த திருமணத்துக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்கும் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். பதிவாளர் முன் சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்திருந்தால் 1954-ஆம் ஆண்டுச் சட்டம். கிறித்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். அதில் பரஸ்பர சம்மதப் பிரிவான 10ஏ, 2001-இல்தான் வந்தது, அதுவும் இரண்டு வருஷம் பிரிந்திருக்க வேண்டும் என்கிறது. இஸ்லாமியப் பெண்கள் குலா (மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு) மூலம் பிரிய விரும்பினால், தனியார் அமைப்பு தரும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர் இந்து திருமணச் சட்டப் பிரிவைப் போட்டு மனு கொடுத்தால், மனு நம்பர் ஆகாமல் (வழக்காகப் பதிவாகாமல்) ரிட்டர்ன் ஆகிவிடும். பதிவுச் சான்றிதழின் தலைப்பை ஒரு முறை படித்தால் இந்தத் தவறு நேராது.

இனி இலவசச் சட்ட உதவி. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பெண் என்றாலே இந்த உதவி உண்டு. வருமான வரம்பு பார்க்கக் கூடாது. மாதம் லட்ச ரூபாய் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் அப்படியே. மற்ற ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, தாலுகாவில் வட்டச் சட்டப்பணிகள் குழு, எங்கிருந்தும் கூப்பிட 15100. வழக்கறிஞர் கட்டணம் மட்டுமல்ல, நீதிமன்றக் கட்டணம், மனு எழுதும் செலவு, நகல் செலவு எல்லாம் இதில் அடங்கும். நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் உங்களிடம் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. வாங்கினால் அதே ஆணைக்குழுச் செயலரிடம் எழுதிக் கொடுத்து வேறு வழக்கறிஞரைக் கேட்கலாம்.

இந்தச் சேவையின் பலவீனம் நேரம். ஒரு குழு வழக்கறிஞர் கையில் பல வழக்குகள் இருக்கும். உங்களோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கதை கேட்க அவரால் ஆகாது. அதனால் நீங்கள் எடுத்துப் போகும் காகிதம்தான் மனுவின் தரத்தைத் தீர்மானிக்கிறது. ஒரே பக்கத்தில் தேதிவரிசை எழுதிப் போங்கள்: திருமணத் தேதி, நடந்த மண்டபம் அல்லது கோயில், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த முகவரி, பிரிந்த தேதி, குழந்தைகளின் பிறந்த தேதி, ஏற்கெனவே கொடுத்த புகார்களின் எண். கூடவே திருமண அழைப்பிதழ், தாலி கட்டும் புகைப்படம், பதிவுச் சான்றிதழ் இருந்தால் அது, இருவரின் ஆதார் நகல், தனியாக வசிப்பதைக் காட்டும் வாடகை ஒப்பந்தம் அல்லது சமையல் கேஸ் ரசீது. பதிவு செய்யாத திருமணம் என்றால் பயப்பட வேண்டாம், அழைப்பிதழும் புகைப்படமும் போதும்.

தேதிவரிசையில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரிந்த தேதி விவாகரத்து மனுவில் ஒன்று, ஜீவனாம்ச மனுவில் ஒன்று, மகளிர் காவல் நிலையப் புகாரில் இன்னொன்று என்று இருந்தால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்பார். வழக்கு அங்கேயே ஆட்டம் காணும். முதலில் எழுதும் காகிதத்திலேயே சரியான தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு எங்கேயும் அதை மாற்றாதீர்கள்.

நான்கில் எங்கள் மனதுக்கு நெருக்கமானது சமரச மையம்தான். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவிலேயே முதலில் தொடங்கப்பட்டது சென்னை உயர் நீதிமன்றத்தில், 2005-இல். இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது. நீதிமன்றம் அனுப்பும் வழக்குக்குக் கட்டணம் இல்லை. உள்ளே பேசியது வெளியே போகாது. உடன்பாடு ஆனதா இல்லையா என்பதை மட்டுமே சமரசர் நீதிபதிக்கு எழுதுவார். சேர்த்து வைக்கும் இடம் என்று நினைத்து, பிரிய முடிவெடுத்தவர்கள் இங்கே வரத் தயங்குகிறார்கள். கௌரவமாகப் பிரிவதற்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டு மூன்று அமர்வில் பணம், நகை, குழந்தை எல்லாம் பேசி முடியும். அதே விஷயம் போட்டி வழக்கில், அதாவது ஒருவர் கேட்டு மற்றவர் எதிர்க்கும் வழக்கில், வருஷக்கணக்கில் இழுக்கும்.

குறை எங்கே என்றால், முடிவில் எழுதும் ஒப்பந்தத்தில். பேச்சு முடிந்த களைப்பில் அவசரமாக எழுதிவிடுகிறார்கள். “தகப்பன் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒரு வரி. பார்க்கும் நாள் எது? யார் வீட்டில்? ராத்திரி தங்கலாமா? அடுத்த மாதமே சண்டை. இப்படி எழுதினால்தான் நிற்கும்: “ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தாயின் வீட்டு வாசலில் அழைத்துக்கொண்டு மாலை 5 மணிக்கு அங்கேயே விட வேண்டும். கோடை விடுமுறையில் 15 நாள் தகப்பனுடன். தீபாவளி ஒரு வருஷம் அங்கே, அடுத்த வருஷம் இங்கே. பாஸ்போர்ட்டுக்கு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.” பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு சனிக்கிழமை தவறினால் மறு வாரம் ஈடு செய்வது என்பதையும் எழுதுங்கள்.

நகையும் அப்படித்தான். “40 பவுன் நகை ஒப்படைக்கப்பட்டது” என்று எழுதினால், எந்த நகை என்று பிறகு தகராறு வரும். ஆரம், வளையல், நெக்லஸ் என்று ஒவ்வொன்றாகப் பெயரும் கிராமும் போட்டு, கொடுக்கும்போதே தராசில் நிறுத்து, அந்தச் சீட்டையும் இணைக்க வேண்டும். பணம் என்றால் வரைவோலை எண்ணும் தேதியும் வேண்டும். முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்துவிடவும் கூடாது, கடைசி நாளுக்கு முழுவதும் வைத்துக்கொள்ளவும் கூடாது. மனு போடும்போது ஒரு பங்கு, தீர்ப்பு நாளில் நீதிமன்றத்திலேயே மீதி என்று வைத்தால் இரு தரப்புக்கும் பிடி இருக்கும். குழந்தையின் பராமரிப்பை மட்டும் “வேண்டாம்” என்று தாய் விட்டுக்கொடுத்து எழுதினாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது, பிறகு கேட்கலாம்.

இருவர் பேரிலும் வீட்டுக்கடன் இருந்தால் கவனம். “இனி கடனை அவர் கட்டுவார்” என்று ஒப்பந்தத்தில் எழுதுவது வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஒருவர் தவணை தவறினால் இன்னொருவரின் சிபில் என்ற கடன் மதிப்பெண்ணும் கெடும். வங்கியில் பேசிக் கடனை ஒருவர் பெயருக்கு மாற்றிய பிறகே தீர்ப்பு வாங்குவது நல்லது. வீட்டுப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தையும், கணவன் மனைவி என்ற உறவு இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்கான முத்திரைத்தீர்வைச் சலுகை விவாகரத்துக்குப் பிறகு கிடைக்குமா என்பது கேள்விக்குறி.

ஒரு எச்சரிக்கை. மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் ஜீவனாம்சம், நகை, குழந்தை பற்றி முடித்துக்கொள்ளலாம், அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடும் கிடையாது. ஆனால் தேசிய லோக் அதாலத் எடுக்கும் வழக்குப் பட்டியலில் திருமணத் தகராறு உண்டு, விவாகரத்து இல்லை.

இனி குடும்ப நீதிமன்றம். 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது. குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றம் கேட்கும், வழக்கு எண்ணில் எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண அசல் மனு) என்று இருக்கும். எங்கே மனு போடுவது என்பதில் பெண்களுக்குச் சலுகை: திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர் ஆகியவற்றோடு, மனைவி இப்போது வசிக்கும் ஊரிலும் போடலாம். இது 2003 திருத்தத்தில் வந்தது. திருநெல்வேலியில் தாய் வீட்டில் இருப்பவர் வழக்குக்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

சம்மத விவாகரத்து என்பது இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அது பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே விளக்கியிருக்கிறது. மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருப்பு. பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் வந்து மீண்டும் சம்மதம் சொல்ல வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்றது உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பு. ஆனால் எல்லோருக்கும் கிடைக்காது. மனு போடும் நாளிலேயே ஒன்றரை வருஷம் பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், பணமும் குழந்தையும் ஏற்கெனவே முடிவாகியிருக்க வேண்டும். அந்த மனுவை முதல் மனு போட்டு ஒரு வாரம் கழித்துக் கொடுக்கலாம்.

சம்மத வழக்கில் கெட்டுப்போகும் இடம் கடைசிக் கட்டம். தீர்ப்பு வரும்வரை ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதுவும் மேற்சொன்ன 1991 தீர்ப்புதான். பணம் முழுவதும் கைமாறிய பிறகோ, குற்ற வழக்கு ரத்தான பிறகோ ஒருவர் வராமல் இருந்துவிட்டால் மற்றவர் தவித்துப்போவார். 498ஏ வழக்கு, அதாவது கணவரோ அவர் வீட்டாரோ கொடுமை செய்ததாகப் போடும் குற்ற வழக்கு (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு), இருந்தால் அதை விவாகரத்து நீதிமன்றம் முடிக்காது. உயர் நீதிமன்றத்தில், தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளையில், தனியாக ரத்து மனு போட வேண்டும். யார் போடுவது, எத்தனை நாளுக்குள், புகார் கொடுத்தவர் எப்போது வந்து கையெழுத்திடுவது என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதாமல் விடாதீர்கள். ஒப்பந்தத்தைத் தீர்ப்பாணையின் ஒரு பகுதியாக்கும்படி கேளுங்கள். அப்படிச் செய்தால்தான் ஒருவர் வாக்குத் தவறும்போது நிறைவேற்று மனு போட முடியும்.

ஒருதலையாகக் கேட்கும் விவாகரத்து வேறு உலகம். திருமணமாகி ஒரு வருஷத்துக்குள் சாதாரணமாகப் போட முடியாது. கொடுமை, கைவிடுதல், பிற உறவு, மதமாற்றம் என்று காரணம் வேண்டும். “இனி ஒட்டாது, முறிந்துவிட்டது” என்பது மட்டும் குடும்ப நீதிமன்றத்தில் காரணமாகாது. அந்த அடிப்படையில் விடுவிக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவில் உண்டு என்று 2023-இல் தீர்ப்பு வந்தது, ஆனால் நேராக அங்கே போய் மனு போட முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கைவிடுதலுக்கு மனு போடும் நாளுக்கு முன்புவரை தொடர்ச்சியாக இரண்டு வருஷம் வேண்டும். ஏமாற்றி நடத்திய திருமணம் என்றால் விவாகரத்தைவிட, திருமணத்தையே ரத்து செய்யும் இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பொருந்தலாம். ஏமாற்றம் தெரிந்த ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிடுபவர்கள் மிக அதிகம், அது மனதை வருத்தும் விஷயம்.

கொடுமை வழக்குகள் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் மனுவின் மொழி. “எதிர்மனுதாரர் மனுதாரரைச் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளாக்கினார்” என்ற வரியை எதிர்த்தரப்பு ஒரே வரியில் மறுத்துவிடும். இன்ன தேதி ராத்திரி, இன்ன வீட்டில், யார் முன்னால், என்ன சொன்னார், மறுநாள் எந்த மருத்துவமனையில் காட்டினீர்கள் என்று ஐந்து சம்பவம் எழுதினால் அதை உடைப்பது கஷ்டம். வாட்ஸ்அப் செய்தியைப் பிரிண்ட் எடுத்தால் மட்டும் போதாது, மின்னணுச் சாட்சிச் சான்றிதழையும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும்.

இடைக்கால ஜீவனாம்சத்தில் நிலைமை முன்பைவிட நன்றாயிருக்கிறது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும், ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து வர வேண்டும் என்றது. அந்தப் பத்திரத்தில் மறைத்தால் பிறகு மாட்டுவார்கள். உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால், ஜீவனாம்ச வழக்கில் நிலுவைக்கு வாரண்ட் கேட்கும் மனுவை, தொகை கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். “அப்புறம் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்” என்று காத்திருந்தால் பழைய பாக்கியை இந்த வழியில் வசூலிக்க முடியாமல் போய்விடும்.

எதிர்த்தரப்பின் முகவரி தவறாக இருந்தால் நோட்டீஸ் “இடம் பெயர்ந்துவிட்டார்” என்று திரும்பி வரும், வாய்தாவுக்கு மேல் வாய்தா. வேண்டுமென்றே பழைய முகவரியைக் கொடுத்து எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (எதிர்த்தரப்பு வராமலே தரும் தீர்ப்பு) வாங்கினால் அது நிலைக்காது. தெரிந்ததும் எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்பை நீக்கக் கேட்டு மனு போட்டு வழக்கை மீண்டும் திறந்துவிடும். அதற்குள் மறுமணமும் நடந்திருந்தால் சிக்கல் இரட்டிப்பு. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கே வாங்கிய தீர்ப்பையும் அப்படியே நம்ப வேண்டாம். எதிர்த்தரப்பு அந்த நீதிமன்றத்துக்கு உட்படவில்லை, காரணமும் இந்து திருமணச் சட்டத்தில் இல்லாதது என்றால் இங்கே அது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இ-கோர்ட்ஸ் செயலி இலவசம். வழக்கு நம்பர் ஆனதும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் கிடைக்கும், தமிழ்நாட்டு வழக்குகளில் டி.என். என்று தொடங்கும். அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும். வழக்கறிஞர் சொல்வதை நீங்களே சரிபார்த்துக்கொள்ள இது ஒன்று போதும். நீதிமன்ற ஊழியர் பதிவேற்றிய பிறகே தேதி மாறும், ஓரிரு நாள் தாமதம் ஆகலாம். போனை மாற்றும் முன் சேமித்த வழக்குப் பட்டியலைக் காப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

“15 நாளில் விவாகரத்து, ஒரே தொகை” என்று இணையத்தில் வரும் பேக்கேஜ்களுக்கு எங்கள் பரிந்துரை கிடையாது. ஒரு வருஷப் பிரிவையும் ஆறு மாதக் காத்திருப்பையும் எந்த நிறுவனமும் சுருக்க முடியாது. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அப்படி வேலை பிடித்துத் தரும் இணையதளங்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது. தனியார் வழக்கறிஞரை வைத்துக்கொள்வதில் தவறில்லை. தொகையை ஒரே தடவையில் தராமல், மனு நம்பர் ஆனதும் ஒரு பங்கு, விசாரணை தொடங்கும்போது ஒரு பங்கு என்று பேசிக்கொள்ளுங்கள், ரசீது கேளுங்கள்.

தீர்ப்பு வந்த அன்றே வேலை முடிந்துவிடாது. சம்மதத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. போட்டி வழக்கில், மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மறுமணம் செய்யக் கூடாது. குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது, 90 நாள் காத்திருப்பதே பத்திரம். இந்து திருமணச் சட்டம் 23(4) பிரிவின்படி தீர்ப்பாணை நகல் ஒன்றை இரு தரப்புக்கும் இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். அதோடு நிறுத்தாமல் காபி அப்ளிகேஷன் போட்டு சான்றிட்ட நகல் இன்னும் மூன்று எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, பி.எஃப். நாமினி, இன்சூரன்ஸ், குழந்தையின் பள்ளி என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்பார்கள், சில இடங்களில் நகலை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தர மாட்டார்கள்.